கரிநெருப்பு

அன்புள்ள சேர்,

போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். ‘பழையவைகள் ஒழிந்துபோயின’ என்று வசனம் இருப்பதால், வீட்டிலுள்ள பழைய சாமான்களையும் கொளுத்தினால்தான் விடுதலை வரும் என்கிறார் எங்கள் சபையிலுள்ள ஒரு அண்ணன். என்னிடம் ஒரு சூட்கேஸ் இருக்கிறது. அப்பாவின் கடிதங்கள், கண்ணகை அம்மன் சடங்கில் அம்மம்மா நிற்கிற படம், சுனாமியில் போன தம்பியின் பள்ளிக்கூடச் சேட். கொளுத்த மனம் வரவில்லை. என் விசுவாசம் காணாதா? பெயரையும் மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு வரவேண்டிய பத்துப் பேர்ச் காணிக்காக எட்டு வருஷமாக அக்காவோடு பேச்சில்லை. இனி அவவோடு எப்படி நடந்துகொள்வது?

வாசகி, பெரியகல்லாறு

அன்புள்ள மகள்,

முதலில் அந்த நெருப்புப்பெட்டியை அடுப்படியில் கொண்டுபோய் வையுங்கள். பெயர் உங்கள் விருப்பம், அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை.

கொளுத்துவது என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் என்னை எழுத உட்கார்த்தியது. இரண்டு மாதமாக நான் ஒரு நெருப்பைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் அந்த அண்ணனோடு கொஞ்சம் கணக்குத் தீர்க்க வேண்டும். இரண்டாம் கொரிந்தியர் 5:17ஐ வாசித்தவர் 18ஐ ஏன் வாசிக்கவில்லை? அது ஒப்புரவைப் பற்றிப் பேசுகிறது. பிலிப்பியரில் ‘பின்னானவைகளை மறந்து’ என்று எழுதுகிற பவுல், எட்டு வசனத்துக்கு முன்னால் எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், சபையைத் துன்பப்படுத்தினவன் என்று தன் சாதகத்தையே விரித்து வைக்கிறார். மறந்தவன் எழுதுகிற எழுத்தா அது? குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21ஆம் தேதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்து ஞாயிறு பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நின்ற தாயிடம் போய் இந்த அண்ணன் ‘கொளுத்து’ என்பாரா?

உங்களுக்கும் ஒரு ஏச்சு இருக்கிறது. தம்பியின் சேட்டை எரிக்கலாமா என்று ஊரெல்லாம் கேட்கிறீர்கள். வேதாகமம் உங்கள் வீட்டில்தானே கிடக்கிறது?

யோவான் 18ஐத் திறவுங்கள். பிரதான ஆசாரியரின் முற்றத்தில் சேவகர்கள் கரிநெருப்புப் போட்டுக் குளிர்காய்கிறார்கள். பேதுரு அவர்களோடு நின்று, நான் இயேசுவின் சீஷன் அல்ல என்கிறான். அந்த இரவில் மூன்று தரம் மறுதலிக்கிறான். இனி 21ஆம் அதிகாரம். விடியற்காலை, கடற்கரை. உயிர்த்தவர் கரிநெருப்புப் போட்டு அதன்மேல் மீன் வைத்திருக்கிறார். கிரேக்க மூலத்திலும் புதிய ஏற்பாடு முழுக்க அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. வாவிக்கரையில் மீன் வாட்டியவர்களைக் கேளுங்கள், கரிப்புகை சேட்டில் ஏறினால் தோய்த்தாலும் லேசில் போகாது. பேதுருவின் மூக்குக்கு அது எந்த நெருப்பு என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஆண்டவருக்கு வேறு அடுப்பா இல்லை? வேண்டுமென்றே மூட்டியிருக்கிறார். சாப்பிட வைத்துவிட்டு மூன்று தரம் கேட்கிறார், நேசிக்கிறாயா என்று. மூன்றாந்தரம் பேதுருவுக்கு நோகிறது. நடந்ததை மறந்துவிடு என்று ஒரு சொல் அந்த அதிகாரத்தில் கிடையாது. தேடிப் பாருங்கள், நான் தேடினேன்.

ஏன் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990. கல்லடிப் பாலத்தடிச் சென்றி, ஆட்களை மறித்துச் சோதிக்கிற காவலரண். என் சைக்கிள் பாரில் என் சிநேகிதன், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவன். ‘இவன் ஆர்?’ என்று கேட்டார்கள். “ரோட்டில மறிச்சான், ஏத்தினன். ஆரெண்டு தெரியா” என்றேன். என்னைப் போகச் சொன்னார்கள். மிதித்துக்கொண்டு போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் அவனை விட்டார்கள். இடது காது கேட்காமல் வந்தான். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் அவனுடைய கடை இருந்த தெருவால் நான் போனதில்லை. அதற்குள் நான் மூப்பராகி, சபையில் சாட்சியெல்லாம் சொன்னேன். இரட்சிக்கப்பட்ட திகதி சொன்னேன், பாலத்தடியைச் சொல்லவில்லை. (2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தார்கள். பழையது இன்னும் அங்கேயே நிற்கிறது, காலையில் நடக்கப் போனால் அதில்தான் நடக்கிறேன்.)

2004 டிசம்பர் 26. நாவலடியில் எங்கள் வீடு நின்ற இடம் வெறும் மணல். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆரோ தந்த ஈரத் துணியோடு குந்தியிருந்தேன். மறுநாள் அவன் வந்தான். இரண்டு சாரம், ஒரு சோற்றுப் பார்சல். பக்கத்தில் இருந்து, நான் தின்று முடியும் வரை வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டான்:

“இப்பயாவது என்ன ஆரெண்டு தெரியுதா?”

தெரியும் என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் இருந்தேன்.

“சத்தமாச் சொல்லு மனே.”

அந்த அறையில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். சத்தமாகச் சொன்னேன்.

அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பத்துப் பேர்ச்சை எழுதியிருக்கிறீர்கள். அவவுக்கு எத்தனை பேர்ச், அவ எங்கே இருக்கிறா, எப்படி இருக்கிறா, ஒன்றும் எழுதவில்லை. அதையும் எழுதி இன்னொரு கடிதம் போடுங்கள், எனக்கல்ல, அவவுக்கு.

சேட்டை ஒருக்கா வெயிலில் போட்டு எடுங்கள். மாரி தொடங்கப் போகிறது, சூட்கேஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.