கொலம்பஸுக்கு முந்திய ஐரோப்பியர்: கேள்வி பதில்

கேள்வி: கொலம்பஸுக்கு முன்பே ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று உண்டா?

பதில்: உண்டு. கனடாவில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்னும் சிற்றூரில், பழங்குடியினர் முகாம் என்று உள்ளூரார் நினைத்திருந்த புல்மேடுகளை 1960ஆம் ஆண்டு நார்வே நாட்டவரான ஹெல்கே இங்ஸ்டாட் பார்த்தார். அவருடைய மனைவியும் தொல்லியலாளருமான ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட் 1961 முதல் 1968 வரை நடத்திய அகழாய்வில், புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளால் எழுப்பிய எட்டுக் கட்டடங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. மேலாடையைக் கோத்துக்கொள்ளும் வெண்கல ஊசி, மாக்கல் தக்களி, இரும்பு உருக்கிய கசடு ஆகியவையும் கிடைத்தன. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் வாழ்ந்த நோர்ஸ் மக்களின், அதாவது வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியரின், பொருள்கள் இவற்றை ஒத்தவை.

காலக்கணிப்பு இதைவிடச் சுவையானது. 993ஆம் ஆண்டு விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சால் காற்றில் கரிமம்-14 (கதிரியக்கக் கரிமம்) திடீரென உயர்ந்தது. அந்த உயர்வு உலகெங்கும் அவ்வாண்டு மரவளையங்களில் பதிந்திருக்கிறது. இவ்வூரில் உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகளில் அந்த வளையத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணியபோது 28 வளையங்கள் இருந்தன. ஆகவே மரங்கள் 1021இல் வெட்டப்பட்டவை. இந்த முடிவு 2021இல் வெளியானது.

கேள்வி: சாகா எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதைகள், நோர்ஸ் மக்கள் மேற்கே கண்டதாகக் கூறும் வின்லாந்து என்னும் நாடு இதுதானா?

பதில்: இவ்வூர் மட்டுமே என்று சொல்ல முடியாது. அங்கே கிடைத்த பட்டர்நட் (வால்நட் இன மரம்) கொட்டைகள் அத்தீவில் விளையாதவை. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குத் தெற்கே விளைபவை. எனவே அவர்கள் தெற்கேயும் சென்று திரும்பியிருக்கிறார்கள். சாகாக்கள் எழுத்தில் அமைந்ததோ நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்னர்; கதையை வைத்து ஊரைக் குறிப்பது ஆபத்து.

கேள்வி: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கிடைத்த, ரூன் (பழைய ஸ்காண்டிநேவிய) எழுத்துப் பொறித்த கென்சிங்டன் கல்லை ஏன் ஒதுக்குகிறீர்கள்? அதில் 1362 என்றே பொறித்திருக்கிறதே?

பதில்: கல்லில் ஆண்டைப் பொறிக்க உளி போதும். 1898இல் ஓலோஃப் ஓமன் என்ற சுவீடன் நாட்டுக் குடியேறி தம் நிலத்தில் கண்டெடுத்ததாகக் கூறிய இக்கல்லின் சொல்வழக்கு, 14ஆம் நூற்றாண்டு ஸ்காண்டிநேவிய மொழியைவிடப் 19ஆம் நூற்றாண்டு மொழியையே ஒத்திருக்கிறது என்பது மொழியறிஞர்களின் பெரும்பான்மை முடிவு. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அகழ்ந்தவர் யார், உடன் கிடைத்தவை யாவை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அது மரத்தின் வேருக்குள் சிக்கியிருந்தது. படிப்பறிவு குறைந்த உழவர் எப்படி ரூன் எழுத்தில் போலி செய்வார்?

பதில்: அந்த மரம் பாதுகாக்கப்படவில்லை, அதன் வயது பற்றிய மதிப்பீடுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ரூன் எழுத்தறிவு பற்றிய உங்கள் வாதம் நியாயமானது; ஆனால் 2004இல் கவனத்துக்கு வந்த, எட்வர்ட் லார்சன் என்ற இளம் தையற்காரர் 1880களில் எழுதிவைத்த தாள்களில், கென்சிங்டன் கல்லில் மட்டுமே உள்ளவை என்று கருதப்பட்ட எழுத்து வடிவங்கள் காணப்படுகின்றன. அதாவது அவ்வகை எழுத்து அக்காலச் சுவீடனில் எளிய மக்களிடையே புழங்கியது. ஓமன்தான் பொறித்தார் என்று நான் சொல்லவில்லை. யார் பொறித்தார் என்பது தெரியாவிட்டாலும், எப்போது பொறிக்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பேச இயலும்.

கேள்வி: யேல் பல்கலைக்கழகத்தின் வின்லாந்து வரைபடம்?

பதில்: போலி. கொலம்பஸுக்கு முந்தியது எனப்பட்ட, வின்லாந்தைக் காட்டும் இத்தோல் வரைபடம் 1965இல் பெரும் ஆரவாரத்துடன் வெளியானது. 1920களிலிருந்தே மையில் புழங்கிய டைட்டேனியம் சேர்மம் அதன் கோடுகள் நெடுகிலும் இருப்பதை உறுதிசெய்து, 2021இல் யேலே அது போலி என்று அறிவித்தது. தோல் பழையது, மை புதியது.

கேள்வி: அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் கல்கோபுரம் வைக்கிங் கோயிலா?

பதில்: 17ஆம் நூற்றாண்டுக் காற்றாலை.

கேள்வி: ஐரிஷ் துறவி பிரெண்டன் தோல்படகில் அமெரிக்கா சென்றாரே? 1977இல் ஒருவர் அதேபோல் சென்றும் காட்டினாரே?

பதில்: டிம் செவரின் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை சென்றது உண்மை, பாராட்டுக்குரியது. அப்படகு கடலைத் தாங்கும் என்பதை அது காட்டியது. 6ஆம் நூற்றாண்டுத் துறவி சென்றார் என்பதைக் காட்டவில்லை. போயிருக்க முடியும் என்பதும் போனார் என்பதும் வேறு வேறு. மீண்டும் கேட்கிறேன், மண்ணில் என்ன கிடைத்தது?

கேள்வி: கென்சிங்டன் கல்லைப் பற்றி...

பதில்: மேலே இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மேய்ன் மாநிலத்தில் கிடைத்த நார்வே நாணயமும் போலியா?

பதில்: நாணயம் உண்மையானது, 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஓலாஃப் கியூர்ரே மன்னருடையது. 1957இல் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் கிடைத்ததாகச் சொல்லப்படுவதை ஐயுறுவோரும் உண்டு. கிடைத்தது உண்மை என்றே கொண்டாலும், அதே இடத்தில் கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடார் பகுதிக் கல்லும் கிடைத்திருப்பதால், வடக்கிலிருந்து பழங்குடியினரின் பண்டமாற்றில் கைமாறி வந்திருக்கலாம். அங்கே நோர்ஸ் வீடு எதுவும் அகப்படவில்லை.