தொண்டை வலி, டான்சில்: எந்த மாத்திரை எதற்கு? கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை, மருத்துவமனை மருந்தகத்தில் சீட்டு பார்த்து மருந்து கொடுக்கிறவள். மழை சீசன் என்பதால் தொண்டை பற்றியே நிறைய கேட்டிருந்தீர்கள், ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, டான்சில் வீக்கத்துக்கு அமாக்சிசிலினும் ஐபுப்ரோஃபெனும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? சூடு ஆகாதா?

தாராளமாகப் போடலாம், ஒன்றோடு ஒன்று மோதாது. இரண்டுக்கும் வேலையே வேறு. அமாக்சிசிலின் பாக்டீரியாவைக் கொல்லும், அவ்வளவுதான். வலியை நேரடியாக ஒன்றும் செய்யாது. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றுக்கும் பின்னால் உடம்பே சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் இருக்கிறது, ஐபுப்ரோஃபென் அது உருவாவதைத் தடுக்கிறது. அதனால் முதல் நாள் ராத்திரி எச்சில் விழுங்க முடிந்தால் அந்தப் பெயர் ஐபுப்ரோஃபெனுக்குத்தான் போக வேண்டும், ஆனால் எல்லாரும் ஆன்டிபயாட்டிக்குக்குக் கொடுத்துவிட்டு அடுத்த தடவை அதையே தேடி வருகிறார்கள். சூடு என்று நீங்கள் சொல்வது வயிற்றெரிச்சல் என்றால், சாப்பிட்ட பிறகு போடுங்கள். அல்சர், கிட்னி கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுக்கிற ஆஸ்துமா இருக்கிறவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஐபுப்ரோஃபென் பக்கம் போகாமல் டாக்டரிடம் சொல்லி பாராசிட்டமால் கேளுங்கள்.

தொண்டை கரகரத்தாலே கடையில் மூன்று அஜித்ரோமைசின் வாங்கிப் போட்டுவிடுவேன், சரியாகிவிடும். இதில் என்ன தப்பு?

போடாவிட்டாலும் சரியாகியிருக்கும் தம்பி. பெரியவர்களின் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ். ஸ்ட்ரெப் பாக்டீரியாவால் வருவது 100-க்கு சுமார் 10, பிள்ளைகளில் 20-லிருந்து 30 வரை. மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது என்றால் அநேகமாக வைரஸ்தான். 1981-ல் வந்த சென்டார் கணக்கை டாக்டர்கள் இன்னும் பார்க்கிறார்கள்: காய்ச்சல், டான்சிலில் வெள்ளையாகச் சீழ், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற நெறி, இருமல் இல்லாதது. இந்த நாலில் குறைந்தது மூன்று இருந்தால்தான் பரிசோதனையோ ஆன்டிபயாட்டிக்கோ யோசிப்பார்கள். எல்லாவிதத் தொண்டை வலியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளிலேயே ஆன்டிபயாட்டிக் வலி இருக்கும் காலத்தைச் சராசரியாகக் குறைத்துக் கொடுத்தது சுமார் 16 மணி நேரம். அதற்காக வயிற்றுப்போக்கையும் மருந்துக்கு அடங்காத கிருமியையும் வாங்கிக்கொள்வானேன்? அப்புறம், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, கடைக்காரர் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

பையனுக்கு 8 வயது. ஸ்ட்ரெப் என்று உறுதி செய்து 10 நாள் மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாளே ஓடி விளையாடுகிறான். நிறுத்திவிடட்டுமா மேடம்?

நிறுத்தாதீர்கள். வலி மாத்திரையை நிறுத்தலாம், அது வலி இருக்கிற வரைக்கும்தான். ஆன்டிபயாட்டிக் கொடுப்பதே தொண்டைக்காக மட்டும் இல்லை: ஸ்ட்ரெப் வந்து போன சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுத்துவிடும், நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. அப்படி ஒருமுறை வந்த பிள்ளைகள் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் அலைகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம், ஆகவே பரிசோதனை முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகாது.

வீக்கம் வடிய டைக்ளோஃபெனாக்கும் செராஷியோபெப்டிடேஸும் சேர்ந்த மாத்திரை நல்லதா?

டைக்ளோஃபெனாக் வேலை செய்யும். கூட இருக்கிற செராஷியோபெப்டிடேஸ் ஜப்பானில் பிறந்த மருந்து. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை என்று அங்கே அதைத் தயாரித்த தகேடா நிறுவனமே 2011-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே மட்டும் நன்றாக ஓடுகிறது. என் காசு என்றால் அதற்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், பயமாக இருக்கிறது.

டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு டோஸ் என்றால் பயப்பட வேண்டாம். விழுங்கவே முடியாத வலிக்கு அப்படிக் கொடுப்பதுண்டு, சீக்கிரம் கேட்கும். சர்க்கரை இருந்தால் ஓரிரு நாள் அளவு ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கிறதே என்று நீங்களாக அடுத்த தடவை போடாதீர்கள்.

குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், தொண்டையும் வலிக்கிறதாம். தெருவில் டெங்கு இருக்கிறது. புரூஃபென் சிரப் கொடுக்கலாமா?

வேண்டாம். புரூஃபென் என்பது ஐபுப்ரோஃபென்தான். டெங்கு இல்லை என்று தெரிகிற வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 12 கிலோ என்றால் 180 மில்லிகிராம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: 5 மில்லியில் 125 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பழைய பாட்டில் அளவிலேயே புதுசை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் டெங்கு இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, ரைஸ் சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஆபத்து இருக்கிறது.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது?

செய்யுங்கள், இதமாக இருக்கும். தேன் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் வழிகிறது, ஒரு பக்கம் மட்டும் வீங்கி குரல் அமுங்கியிருக்கிறது என்றால் டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். அதைப் பெரும்பாலும் ஊசியால் உறிஞ்சியோ கீறியோதான் எடுக்க வேண்டியிருக்கும். மூச்சு விடச் சிரமம் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.