தள்ளுபடியில் வரும் ஐந்தா, புதிய ஆறா?

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற சண்டை கேம் நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது. வெளியான சமயத்தில் அதை எல்லோரும் திட்டித் தீர்த்ததாக ஞாபகம். நான் பெரும்பாலும் தனியாக ஆடுகிறவன், எப்போதாவதுதான் ஆன்லைன். கையில் இருப்பது சாதாரண கன்ட்ரோலர். ஐந்தை வாங்கலாமா, கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஆறாம் பாகத்துக்கே போகலாமா?

பதில்: ஆறுக்கே போங்கள். ஆனால் ஐந்தை ஏன் அவ்வளவு திட்டினார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அடுத்து எந்தச் சண்டை கேம் வாங்கினாலும் உதவும்.

2016 பிப்ரவரியில் ஐந்து வந்தபோது சண்டை பிரமாதமாகத்தான் இருந்தது. சுற்றிலும்தான் ஒன்றுமில்லை. 16 கேரக்டர்கள், ஆளுக்கொரு குட்டிக் கதை, தோற்கும்வரை வரிசையாக எதிரிகளைச் சமாளிக்கும் ஒரு சர்வைவல் மோடு, அவ்வளவே. காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளில் பிறந்து வளர்ந்த தொடரில், கம்ப்யூட்டர் எதிரிகளை ஒவ்வொருவராக வென்று முன்னேறும் ஆர்கேட் மோடு இல்லை! கம்ப்யூட்டரை எதிரில் நிறுத்தி ஒரே ஒரு மேட்ச் ஆடிப் பார்க்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு முதல் நாட்களில் சர்வரும் படுத்துக்கொண்டது. போட்டி ஆட்டக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். உங்களைப் போலத் தனியாக ஆடுகிறவர்கள்தான் ஏமாந்தார்கள். மார்ச் முடிவுக்குள் 20 லட்சம் பிரதிகள் என்று கணக்குப் போட்டிருந்த, கேமைத் தயாரித்த கேப்காம் நிறுவனம், 14 லட்சத்தோடு நின்றது.

இத்தனைக்கும் அவர்கள் திட்டம் மோசமானதல்ல. நான்காம் பாகத்தில் சூப்பர், அல்ட்ரா என்று பதிப்பு மாற்றி மாற்றிக் காசு கேட்டார்கள். ஐந்தில் கேமை ஒருமுறை வாங்கினால் போதும், புதிய பதிப்பு வாங்க வேண்டாம், மற்ற மாற்றங்கள் அப்டேட்டில் வரும் என்றார்கள். சொன்னபடி வரவும் செய்தன. பெரிய கதை மோடு அதே வருட நடுவில் இலவசமாக வந்தது. ஆர்கேட் மோடு வர 2018 ஜனவரி ஆயிற்று. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அதுவும் இலவசம். முதல் நாளே முழுக் காசு கொடுத்தவர் கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதனால் இப்போது கிடைக்கும் ஐந்து பழைய ஐந்து இல்லை. 2020-இல் வந்த சாம்பியன் எடிஷனில் 40 கேரக்டர்கள் உண்டு. ரோஸ், ஓரோ என்று அதன் பிறகு ஐந்தாம் சீசனில் (கடைசித் தவணையில்) வந்த கேரக்டர்கள் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. வீட்டில் ஆட பிளேஸ்டேஷன் 4, பிசி தவிர வேறெதிலும் இந்த கேம் வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் பேச்சே முடிந்தது.

ஆறை ஏன் சொல்கிறேன் என்றால், 2023 ஜூனில் வெளியான அன்றே அது முழுசாக இருந்தது. வேர்ல்ட் டூர் என்ற தனி ஆட்ட மோடில் சொந்தமாக ஓர் ஆளை உருவாக்கி, தெருத்தெருவாகச் சுற்றிச் சண்டை கற்றுக்கொள்ளலாம். தனியாக ஆடுகிறவருக்கு அது ஒன்றே பல நாள் ஓடும். சாதாரண கன்ட்ரோலருக்கு, பட்டன்களை எளிதாக்கும் மாடர்ன் முறை தோதானது. தொடரின் நாயகன் ரியூ கையிலிருந்து எறியும் ஹடோக்கன் என்ற நெருப்புருண்டைக்குக் கட்டை விரலைக் கால்வட்டம் சுழற்ற வேண்டாம், ஒரு பட்டன் போதும். அப்படி விடும் அடிக்கு வலு கொஞ்சம் குறைவு, அது நியாயம்தான். ஆன்லைனும் ஐந்தைவிட எவ்வளவோ மேல்.

புதிய கேரக்டர்களுக்கு இதிலும் வருடா வருடம் தனிக் காசு. முதல் இரண்டு வருட ஆட்களையும் சேர்த்து ஒரு பதிப்பு இருக்கிறது. தள்ளுபடியில் அது அகப்பட்டால் விடாதீர்கள்.

கேள்வி: வெளியாகும் வாரத்து விமர்சனங்களை நம்பி வாங்கலாமா?

பதில்: சண்டை எப்படி என்பதற்கு நம்பலாம், மற்றதற்கு வேண்டாம். இன்னொரு சண்டை கேமான டெக்கன் 8-ஐப் பாருங்கள். 2024 ஜனவரியில் கொண்டாடி வரவேற்றார்கள். அடுத்த மாதமே உடை, அலங்காரங்களை நிஜக் காசுக்கு விற்கும் கடையை உள்ளே திறந்தார்கள். முதல் வார விமர்சனத்தில் அது எப்படி இருக்கும்? 2025-இல் இரண்டாம் சீசன் மாற்றங்கள் பிடிக்காமல், பிசி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் மறுபடி திட்டுமழை. சமீபத்திய விமர்சனங்களைத் தனியாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆறை வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: உங்கள் ஆளுக்கு மூக்கையும் தாடையையும் திருத்திக்கொண்டிருக்கும் நேரமும் அந்த இரண்டு மணிக் கணக்கில்தான் சேரும். இலவச டெமோ இருக்கிறது, அந்த வேலையை அதிலேயே செய்து பார்க்கலாம்.