கறுப்புக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கூடத்தில் இருந்த பழைய 40 அங்குலத் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது. கடையில் 55 அங்குல ஓஎல்இடி ஒன்றை 1,30,000 ரூபாய்க்கும், அதே அளவு எல்சிடி ஒன்றை 38,000 ரூபாய்க்கும் காட்டினார்கள். பகலில் என் மாமியார் செய்தியும் தொடர்களும் பார்ப்பார். இரவில் நாங்கள் ஓடிடியில் படம் பார்ப்போம். கூடத்தில் இரண்டு பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. மகன் ஓஎல்இடிதான் வேண்டும் என்கிறான். எனக்கோ கடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுப்பது தகுமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: கடையில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாததில் வியப்பில்லை. அங்கே கூரை முழுவதும் விளக்குகள் எரிகின்றன. எல்லாப் பெட்டிகளும் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ அமைப்பில் ஓடுகின்றன. காட்டப்படுவதோ பூக்களும் பழங்களும் கடற்கரைகளும் நிறைந்த விளம்பரப் படம். ஓஎல்இடியின் அருமை இருட்டில்தான் வெளிப்படும் என்பதால், அது தன் திறமையைக் காட்ட முடியாத ஓர் இடத்தில் வைத்துத்தான் அதை விற்கிறார்கள்.

எல்சிடி திரையில் இருக்கும் திரவப் படிகங்கள் தாமாக ஒளி தருவதில்லை. பின்னால் எரியும் எல்இடி விளக்குகளின் ஒளியைத் தேவைக்கேற்ப விடுவதும் மறைப்பதுமே அவற்றின் வேலை. வெளியே வெயில் கொளுத்தும்போது திரைச்சீலையை எவ்வளவு இறுக்கி இழுத்தாலும் ஓரங்களில் வெளிச்சம் கசிவதைப் போல, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் கொஞ்சம் ஒளி கசிந்து அது சாம்பல் நிறமாகத் தெரியும். கடைகளில் ‘எல்இடி டிவி’ என்று விற்கப்படுவதும் இந்த எல்சிடிதான். ஓஎல்இடியில், படத்தை உருவாக்கும் சிறு புள்ளியான பிக்சல் ஒவ்வொன்றும் தானே ஒளிர்வதால், கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் பிக்சல் முற்றிலும் அணைந்துவிடும். அணைந்த பிக்சலின் அருகிலேயே முழு ஒளியில் இன்னொரு பிக்சல் எரியலாம். எல்சிடியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், பேனலின் வகையைப் பொறுத்து, ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து ஐயாயிரத்துக்கு ஒன்று வரை இருக்கும். ஓஎல்இடியில் கறுப்பு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் அந்தக் கணக்கையே போட முடியாது.

இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் இதன் அடிப்படையை வெளியிட்டார்கள். சோனி 2007-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஓஎல்இடி தொலைக்காட்சியின் திரை வெறும் 11 அங்குலந்தான். 55 அங்குலத்தில் எல்ஜி விற்பனையைத் தொடங்கியது 2013-இல். இன்றும் தொலைக்காட்சிக்கான பெரிய ஓஎல்இடி பேனல்களைப் பெரும்பாலும் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே என்ற இரண்டு கொரிய நிறுவனங்களே செய்கின்றன. எல்சிடி பேனல்களையோ சீனத் தொழிற்சாலைகள் பலவும் போட்டி போட்டுக்கொண்டு குவிக்கின்றன. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி தரத்துக்கானது. ஒரு பகுதி செய்பவர்கள் குறைவாக இருப்பதற்கானது.

இனி உங்கள் கூடத்துக்கு வருவோம். ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் திரை எவ்வளவு கறுப்பாக இருக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதன் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சந்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மாமியார் பார்க்கும் தொடரில் ஓஎல்இடியின் அந்தப் பூஜ்யக் கறுப்பு எதிர் ஜன்னலின் பிம்பத்தில் கரைந்துபோகும். மேலும், ஓஎல்இடி திரையில் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது கிடைக்கும் பிரகாசம், திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது கிடைப்பதில்லை. மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்துவதற்காகப் பெட்டியே ஒளியைக் குறைத்துவிடும். கிரிக்கெட் மைதானத்தையும், செய்தி அரங்கின் வெள்ளைப் பின்னணியையும் பகலில் பார்ப்பதற்கு நல்ல எல்சிடியே வசதியாக இருக்கும்.

ஆயினும் உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு படத்தைப் பார்த்தால், விலை குறைந்த எல்சிடியில் சாம்பல் புகையாகத் தெரியும் இடத்தில் ஓஎல்இடியில் சுவரின் காரையும் முகத்தின் நிழலும் தனித்தனியாகத் தெரியும். பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது. சோபாவில் இருவர், தரையில் ஒருவர், ஊஞ்சலில் ஒருவர் என்று பார்க்கும் நம் வீடுகளில் இந்தக் குணம் விளம்பரங்கள் சொல்வதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

அப்படியிருந்தும் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு நான் ஓஎல்இடியைச் சொல்லமாட்டேன். நாளின் பெரும்பகுதி வெளிச்சத்தில், செய்திச் சேனலோடு ஓடப்போகிற பெட்டி அது. 38,000 ரூபாய்ப் பெட்டியையோ, இன்னும் கொஞ்சம் செலவிட முடியுமானால் பின்விளக்கைப் பகுதி பகுதியாகத் தனித்தனியே மங்கச் செய்யும் ‘லோக்கல் டிம்மிங்’ வசதி உள்ள மினி எல்இடி (சிறுசிறு பின்விளக்குகள் பல கொண்ட எல்சிடி) ஒன்றையோ வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் ஓரளவு நல்ல சவுண்ட்பார் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பெட்டிகளின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறிய ஒலிபெருக்கிகளில் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. உங்கள் மாமியார் ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதற்குக் காரணம் அவர் காது மட்டுமாக இருக்காது.

கேள்வி: நான் பார்த்த விலை குறைந்த தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டியில் ‘கியூஎல்இடி’, ‘எச்டிஆர்’, ‘டால்பி விஷன்’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. அப்படியானால் அது ஓஎல்இடிக்குச் சமமானதுதானே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. கியூஎல்இடி என்பது, நிறங்களைத் தூய்மையாக்கும் குவாண்டம் டாட் படலம் சேர்த்த எல்சிடி. நிறம் நன்றாக இருக்கும்; கறுப்பு மாறாது. எச்டிஆரும் அதன் ஒரு வகையான டால்பி விஷனும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வேறுபாட்டோடு படத்தைத் தரும் முறைகள். அந்த எழுத்துகள், அந்த வகை ஒளிபரப்பைப் பெட்டி வாங்கிப் புரிந்துகொள்ளும் என்பதற்கு மட்டுமே உறுதி அளிக்கின்றன. அதை உரிய பிரகாசத்தில் காட்டும் என்பதற்கு அல்ல. எச்டிஆர் படங்களில் பலவும் 1,000 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவு உச்ச ஒளியை மனத்தில் வைத்து மெருகேற்றப்படுகின்றன. விலை குறைந்த எல்சிடிகள் எட்டுவதோ பெரும்பாலும் 250 முதல் 300 நிட்ஸ். அந்த வகைப் பெட்டிகளில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. பெட்டியின் விவரத்தாளில் நிட்ஸ் எண்ணே இல்லையென்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஓஎல்இடியில் சேனல் சின்னம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும். உண்மையில் ஆபத்து உண்டா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு, ஆனால் அதன் அளவு உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. ஓஎல்இடியில் ஒளி தரும் கரிமச் சேர்மங்கள் எரிய எரியத் தேய்கின்றன; அவற்றுள் நீலம் விரைவில் தேய்கிறது. எல்லாப் பிக்சல்களும் ஒரே அளவில் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நம் செய்திச் சேனல்களிலோ மூலையில் சின்னம், கீழே இரண்டு வரிகளில் ஓடும் செய்தி, பக்கத்தில் ‘பிரேக்கிங்’ பட்டை என்று திரையின் சில இடங்கள் மட்டும் இடைவிடாமல் பளீரென்று எரிகின்றன. அந்த இடங்கள் முன்னதாகத் தேய்ந்து, வேறு படம் ஓடும்போது நிழலாகத் தெரியத் தொடங்கும். நாளுக்கு ஓரிரு மணி நேரம் பல வகைப் படங்களைப் பார்ப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாமல் போகலாம். நீங்கள் அந்த வகையினர் அல்லர்.

புதிய பெட்டிகள் இதற்கு ஈடுசெய்யப் பல வேலைகளைச் செய்கின்றன. படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தும். அசையாத சின்னத்தைக் கண்டு அந்த இடத்தை மங்கச் செய்யும். இவற்றைவிட முக்கியமானது, சில மணி நேரம் பார்த்து முடித்து ரிமோட்டில் அணைத்த பிறகு, காத்திருப்பு நிலையில் பெட்டி தானாகவே பிக்சல்களின் தேய்மானத்தை அளந்து சரிசெய்யும் வேலை. பார்த்து முடித்தவுடன் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவது நம் வீடுகளில் ஒழுக்கமாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. அப்படிச் செய்தால் அந்தச் சரிசெய்தல் நடப்பதே இல்லை. ஆகவே ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் ரிமோட்டில் மட்டும் அணைத்து, இரவில் மின்இணைப்பை விட்டுவைப்பது நல்லது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் இந்த அறிவுரையை மறந்துவிட்டு, மின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

இப்படிப் பதியும் நிழலைப் பல நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. வாங்குமுன் வாரண்டி அட்டையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு எல்சிடியே பொருத்தம்.

கேள்வி: எது நீண்ட நாள் உழைக்கும்? பழுதானால் எதைச் சரிசெய்வது எளிது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: விலை குறைந்த எல்சிடியில் பழுதாகும் இடங்களுள் முதன்மையானது பின்விளக்கு. ஒலி கேட்கும், படம் தெரியாது. அல்லது திரையின் ஒரு பகுதி மட்டும் இருண்டுவிடும். பேனலைக் கவனமாகக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், புதிய எல்இடி ஸ்ட்ரிப்புகளைப் போட்டு, பெட்டியின் விலையில் சிறு பங்கிலேயே சரிசெய்துவிடுவார். புதுப் பெட்டியில் ‘பேக்லைட்’ அளவை நூற்றில் ஐம்பது அறுபதுக்குக் குறைத்து வைத்தாலே அந்த விளக்குகளின் ஆயுள் கூடும். இரவில் கண்ணுக்கும் இதம்.

ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லாததால் அந்தப் பழுதும் இல்லை. பேனல் கெட்டால் முழுப் பேனலையும் மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவில் ஒரு நல்ல எல்சிடியையே வாங்கிவிடலாம். பந்து பட்டுத் திரை உடைந்தால் இரண்டுக்கும் கதி ஒன்றே.

கேள்வி: எங்கள் ஊரில் அரசு கேபிள் மட்டுமே இருக்கிறது, இணைய வேகம் குறைவு. ஓஎல்இடி வாங்கினால் படம் நன்றாகத் தெரியுமா?
— ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் 576 வரிகளே உள்ளன; 4கே திரையில் 2,160 வரிகள். இல்லாத விவரத்தைப் பெட்டி ஊகித்து நிரப்ப வேண்டும். விலை உயர்ந்த பெட்டிகள் அதைச் சற்று நன்றாகச் செய்யும் என்றாலும், 55 அங்குலத்தில் முகங்கள் மெழுகு பூசியதுபோலவே தெரியும். உங்களுக்கு 43 அங்குல எல்சிடி போதும். எஸ்டி படம் அந்த அளவில் இன்னும் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். செட்-டாப் பாக்ஸில் எச்டி வசதி கிடைக்குமா என்று கேபிள்காரரிடம் கேட்டு அதற்குப் பணம் கட்டுவது, ஓஎல்இடிக்குச் செலவிடுவதைவிட அதிகப் பலன் தரும்.

கேள்வி: எனக்குத் தனி அறை, ஜன்னலை மூடினால் இருட்டு. இரவில் படம் மட்டுமே பார்ப்பேன். ஓஎல்இடி என்று முடிவு செய்துவிட்டேன். எப்போது, எப்படி வாங்கலாம்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓஎல்இடி உங்களைப் போன்றவர்களுக்கானதுதான். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில் புதிய மாடல்களை அறிவித்து, சில மாதங்கள் கழித்து இங்கே கொண்டுவருகின்றன. அப்போது முந்தைய ஆண்டு மாடல்களின் விலை கணிசமாக இறங்கும். இரண்டுக்கும் படத்தில் உள்ள வேறுபாடு, விலையில் உள்ள வேறுபாட்டைவிட மிகக் குறைவு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது; பழைய விலைப்பட்டியலைக் காட்டித் ‘தள்ளுபடி’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது, இருட்டுக் காட்சிகள் உள்ள வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பட அமைப்பை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதற்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து நிறுவும்போது, சுவரில் மாட்டுவதற்கு முன்பே, பொருத்த வந்தவர் அங்கே நிற்கும்போதே, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறம் திரை முழுவதும் தெரியும் படங்களை ஓடவிட்டு, எரியாத பிக்சல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடுங்கள்.