தும்மல் தலகாணிலேர்ந்து வருது

கேள்வி: பொண்ணுக்கு ஏழு வயசு. காலைல கண்ண முழிச்சதும் வரிசையா தும்மல், மூக்கு ஒழுகல். ஸ்கூலுக்குப் போயிட்டா ஒண்ணும் இல்ல. டஸ்ட் அலர்ஜின்னு டாக்டர் சொல்லிட்டார். டெய்லி ரெண்டு வேளை பெருக்குறேன், குறையல. ஏர் ப்யூரிஃபையர் வாங்கிடலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: அவசரப்படாதீங்கம்மா, மொதல்ல அவ படுக்குற எடத்தப் பாருங்க. டஸ்ட் மைட்னு பொடிப் பூச்சி மாதிரி ஒண்ணு மெத்தை, தலகாணிக்குள்ள குடியிருக்கும், கால் மில்லிமீட்டர் கூட சில சமயம் இருக்காது, நம்ம உடம்புல உதிர்ற தோலத் தின்னுட்டு காத்துல இருக்குற ஈரத்த வெச்சே வாழும், சென்னைப் புழுக்கத்துல அதுக்கு என்ன கொறை சொல்லுங்க. தும்ம வைக்கிறது பெரும்பாலும் அதோட கழிவுதான். அது கொஞ்சம் கனம், மெத்தைய தட்டுனா கெளம்பும், சீக்கிரமே கீழ படிஞ்சிடும், அதனாலதான் காத்தை மட்டும் சுத்தம் பண்ற மெஷினால இதுக்குப் பெருசா பிரயோஜனம் இல்லங்கறேன்.

அந்தக் காசுல மெத்தைக்கும் தலகாணிக்கும் நெருக்கமா நெய்த, ஜிப் வெச்ச அலர்ஜி கவர் வாங்கிப் போடுங்க. பெட்ஷீட், உறை எல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி வெந்நீர்ல தொவைங்க, மெஷின்ல அந்த செட்டிங் இருந்தா அதுலயே போடுங்க, பச்சத் தண்ணில மைட் சாகாது. பழைய இலவம்பஞ்சு தலகாணி இருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடுங்க. மாடில வெயில்ல போடுறது நல்லதுதான், ஈரம் போகும், ஆனா உள்ள இருக்குற கழிவு எங்கயும் போகாது. கட்டிப்புடிச்சு தூங்குற பொம்மைய பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசர்ல வெச்சு மைட்ட சாகடிச்சுட்டு அப்புறம் தொவைங்க (வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும்).

பெருக்குறதுல இன்னொரு சங்கதி, காஞ்ச தொடப்பத்தால பெருக்கினா படிஞ்சது எல்லாம் திரும்ப மேல வரும். ஈரத்துணி போட்டுத் தொடைங்க, அந்த நேரத்துல கொழந்த ரூம்ல வேணாம். கரப்பான் இருந்தா அதோட எச்சமும் அலர்ஜிதான், ஸ்ப்ரேக்கு பதிலா ஜெல் வைங்க.

கேள்வி: சாம்பிராணி போட்டா சளி, தும்மல் எல்லாம் போயிடும்னு மாமியார் சொல்றாங்களே? (அதே வாசகி)

பதில்: வாசனைக்கு நல்லாருக்கும், மைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பொகை ஏற்கெனவே புண்ணா இருக்குற மூக்கை இன்னும் உறுத்தும், கொசுவத்தியும் அப்படித்தான், வலை கட்டிக்கோங்க. மாமியார் கிட்ட டாக்டர் சொன்னதா சொல்லிடுங்க, சண்டை வராது. ராத்திரில இருமலோ வீசிங்கோ வந்தா மட்டும் வீட்டு வைத்தியம் பாக்காம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.