மேல்தாடை விரிப்பு: கிளிப் மட்டும் போதாதா?

கேள்வி: எனக்கு 26 வயது. மேல்தாடை குறுகல். வாயை மூடினால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கமாக உட்காருகின்றன. எலும்பை அறுத்துத்தான் விரிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். என் தம்பிக்குப் பத்து வயதில் கருவி மட்டும் வைத்தே விரித்தார்கள். எனக்கு ஏன் அறுவை?

பதில்: மேல்தாடை எலும்பு இரண்டு பாதி. அண்ணத்தின் நடுக்கோட்டில் அவை சேரும் பொருத்து, தம்பியின் வயதில் இறுகியிருக்காது. பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு நன்றாக இறுகிவிடும். அதன்பின் பல்லை மட்டும் பிடித்துத் தள்ளினால் எலும்பு அகலாது. பற்கள் வெளிப்பக்கம் சாயும், ஈறு இறங்கி வேர் தெரியும், கருவியை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஒன்று மட்டும் கேளுங்கள்: குறுகல் அதிகமில்லை என்றால், அண்ண எலும்பில் சிறு திருகாணிகள் பதித்து விரிக்கும் முறை பலிக்குமா? ஸ்கேனில் பொருத்தின் நிலையைப் பார்த்துச் சொல்வார்.

அறுவைக்கு முன்பே நடுவில் ஸ்க்ரூ உள்ள கருவியைக் கடைவாய்ப் பற்களில் ஒட்டிவிடுவார்கள். முழு மயக்கத்தில், பல் வேர்களுக்கு மேலே இருபுறமும் எலும்பை அறுத்து, நடுப்பொருத்தையும் உளியால் பிளப்பார்கள். ஐந்து முதல் ஏழு நாள் ஓய்வு. பிறகு வீட்டில் நீங்களே ஸ்க்ரூவின் துளையில் சிறு சாவியை நுழைத்துத் திருக வேண்டும்: பெரும்பாலான ஸ்க்ரூக்களில் கால் சுற்றுக்கு 0.25 மி.மீ., காலை ஒன்று, மாலை ஒன்று. 7 மி.மீ. தேவையென்றால் 14 நாள். சாவியில் நூல் கட்டிக்கொள்ளுங்கள், தவறி விழுங்காமல் இருக்க. முன்னிருந்து பின்னாக, அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை தள்ளுங்கள். பாதியில் விட்டால் அடுத்த வேளை சாவி நுழையாது.

சில நாளில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். கண்ணாடியில் பார்த்துப் பதறாதீர்கள், எலும்பு பிரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு வாரம் திருகியும் இடைவெளியே இல்லை, வலி மட்டும் கூடுகிறது, அல்லது ஒரு பக்கம்தான் நகர்கிறது என்றால் திருகுவதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். எலும்பு எங்கோ முழுதாக விடுபடாமல் இருக்கலாம். மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தால் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

விரிந்து முடிந்ததும் கருவியைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஸ்க்ரூவைப் பூட்டிவிட்டு மூன்று முதல் ஆறு மாதம் அப்படியே வைப்பார்கள். பிளவில் புது எலும்பு வளர அவ்வளவு காலம் பிடிக்கும். முன்பல் இடைவெளி தானாகவே பெருமளவு குறையும். மிச்சத்தைக் கிளிப் சரிசெய்யும்.