பில் என்ட்ரியை மென்பொருள் பார்த்துக்கொண்டால் எனக்கு என்ன வேலை மிஞ்சும்?

கேள்வி: எனக்கு வயது 44. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக சப்ளையர் பில்களை என்ட்ரி போட்டு வருகிறேன். இப்போது பில்லை ஸ்கேன் செய்தாலே தானாகப் பதிவாகிவிடுகிறது. "கோடிங் படி, இல்லாவிட்டால் வேலை போய்விடும்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் பயம் வீண் பயமல்ல. என்ட்ரிக்கென்றே ஆள் வைப்பது குறையத்தான் போகிறது. ஆனால், நீங்கள் பார்ப்பது என்ட்ரி மட்டும்தானா?

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரமயமாகும் அதிக அபாயத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். 2016-இல் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடி-க்காக 21 நாடுகளை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த சராசரி வெறும் 9 சதவீதம். ஏன் இத்தனை வித்தியாசம்? முதல் ஆய்வு ஒவ்வொரு தொழிலையும் முழுசாக எடைபோட்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் என்னென்ன பணிகள் செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. உங்கள் வேலையையும் இந்த இரண்டாவது வழியில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் 100 பெட்டி, வந்து இறங்கியது 96, பில் 100-க்கு. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று மென்பொருள் நிறுத்திவிடும். அதன் வேலை அங்கே முடிந்தது. மீதி 4 பெட்டி நாளை வருமா, அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ள கிரெடிட் நோட் கேட்பதா, பணத்தை நிறுத்தினால் அடுத்த சரக்கு தாமதமாகுமா என்பதையெல்லாம் அந்த சப்ளையரை அறிந்த ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் வரும் மின்னஞ்சல். உலகெங்கும் நிறுவனங்கள் பெரும்பணத்தை இழப்பது இப்படித்தான். ஏற்கெனவே கையில் உள்ள பழைய எண்ணுக்குப் போன் போட்டு உறுதிசெய்யும் ஆள், எந்த மென்பொருள் வந்தாலும் வேண்டும்.

வங்கிகளின் கதையையும் பாருங்கள். ஏடிஎம் பரவிய பிறகு அமெரிக்க நகரங்களில் ஒரு கிளைக்குச் சுமார் 20 ஆக இருந்த கவுன்ட்டர் ஊழியர்கள், 1988-க்கும் 2004-க்கும் இடையில் 13 ஆகக் குறைந்தார்கள். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின. மொத்த ஊழியர் எண்ணிக்கை சரியவில்லை. பணம் எண்ணியவர்கள் வாடிக்கையாளரோடு பேசும் பணிக்கு நகர்ந்தார்கள். இதோடு நிறுத்திக்கொண்டு ஆறுதல் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 2010-க்குப் பிறகு வாடிக்கையாளர்கள் போனிலேயே வங்கி வேலையை முடித்துக்கொள்ள, அந்த எண்ணிக்கையும் இறங்கியது. ஆக, நகர்ந்தால் சில காலம் கிடைக்கும். அதற்குள் அடுத்த நகர்வை யோசிக்க வேண்டும்.

நாளையிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். மென்பொருள் எங்கே நின்றது, ஏன் நின்றது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், எவ்வளவு தொகை தப்பியது. ஒரே பில் '0145' என்றும் '145' என்றும் இருமுறை வந்ததைப் பிடித்தால் அதையும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் மதிப்பு உங்களுக்கே கண்ணுக்குத் தெரியும். கூடவே அந்த மென்பொருளின் விதிகளை யார் அமைக்கிறார்கள் என்று விசாரித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தொகைக்கு மேல் ஒப்புதல் வேண்டும், எத்தனை சதவீத வித்தியாசத்தை விடலாம் என்பதெல்லாம் கணக்கு தெரிந்தவர் சொல்ல வேண்டியவை. எக்செலில் நீண்ட பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், பல கோப்புகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டிச் சீராக்கும் பவர் குவெரியும் பழகினால் இப்போதைக்குப் போதும்.

பிறகு மேலாளரிடம் போங்கள். அவர் ஆட்குறைப்புப் பட்டியல் போடும் வரை காத்திருக்க வேண்டாம். "நின்றுபோகும் பில்கள், சப்ளையர் விவரச் சரிபார்ப்பு இரண்டுக்கும் நான் பொறுப்பேற்கிறேன்" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் பதவிப் பெயரிலும் பணி விவரத்திலும் அது எழுத்தில் வரட்டும். பொறுப்பு கூடினால் சம்பளத்தையும் பேசுங்கள், தயங்காதீர்கள். மறுத்துவிட்டால், அந்த நோட்டில் உள்ளதை அப்படியே உங்கள் பயோடேட்டாவுக்கு மாற்றுங்கள். சப்ளையர் பெயர்களையும் நிறுவன விவரங்களையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.